பேச வேண்டாம், கதையுங்கோ

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். வாசிகசாலை விறாந்தையில் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மற்றவர்களுக்கு ஒரு புதினம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களுடைய வீட்டுக் கிணற்றுக்குள் பூனைக்குட்டி விழுந்துவிட்டதாம். தகப்பன் வேலைக்குப் போய்விட்டார். அம்மம்மாவும் அவளும் கடகத்தில் கயிறு கட்டி இறக்கியிருக்கிறார்கள்.

"குட்டி கடகத்துக்குள்ளை ஏறுது, பேந்து குதிக்குது. ஏறுது, பேந்து குதிக்குது. அம்மம்மா சொல்லுறா, எடி நீ கதையாமல் நில், உன்ரை சத்தத்துக்குத்தான் அது பயப்பிடுது எண்டு."

சொல்லும்போதே இரண்டு கையாலும் கயிறு இழுத்துக் காட்டினாள். அம்மம்மாவின் குரல் வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தினாள். கேட்டுக்கொண்டு நின்ற நாலு பேரும் உள்ளே வர மறந்து நின்றார்கள். நானும்தான்.

பத்து நிமிடம் கழித்து அதே பிள்ளையை எழுப்பி, "நீ ஏதாவது சொல்லு பிள்ளை" என்றேன். எழும்பினாள். கைகள் இரண்டும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. கண் கூரையைப் பார்த்தது. "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, சக மாணவ மாணவியர்களே, உங்கள் அனைவருக்கும் எனது அன்பு கலந்த வணக்கங்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம்..."

அதோடு நின்றுவிட்டாள். விடயம் வரவில்லை. கிணற்றடியில் அவ்வளவு உயிரோடு இருந்த பூனைக்குட்டி எங்கே போனது?

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கனகாலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வடமராட்சிப் பாடசாலைகளில் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் படிப்பிக்கிறேன். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் கரவெட்டியில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு மேடைப் பேச்சு பழக்கி வருகிறேன். காசு வாங்குவதில்லை. பதினாறு பிள்ளைகள். சிலநேரம் ஒன்பது பேர்தான் வருவார்கள். மழை என்றால் நாலு பேர்.

எங்கள் ஊர்ப் பேச்சுவழக்கில் ஒரு விசயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். "அம்மா பேசினவா" என்று இங்கே ஒரு பிள்ளை சொன்னால், அம்மா ஏசினார் என்று பொருள். "சேர் பேசுவார்" என்றால் சேரிடம் ஏச்சு விழும். சாதாரணமாக வாய் திறந்து ஒன்றைச் சொல்வதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் கதைப்பது. "அவரோடை கதைச்சனான்", "போனிலை கதை", "கதையாமல் இரு". ஆக, ஒரு பிள்ளைக்கு வீட்டில் தெரிந்த பேச்சு ஏச்சுத்தான். அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றி "பேசு" என்கிறோம். அது விறைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, யாரையோ ஏசுவதுபோலப் பேசுகிறது. நாங்களும் "நல்ல உணர்ச்சியாப் பேசினவள்" என்று கைதட்டுகிறோம்.

அதனால் என் வகுப்பில் முதல் நாள் சொல்வது இதைத்தான்: இஞ்சை ஒருத்தரும் பேச வேண்டாம், கதையுங்கோ.

என் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1992. எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். பேச்சுப் போட்டிக்கு ஒலிவாங்கி கிடையாது, மண்டபத்தின் கடைசி வாங்கில் வரை குரல் போகவேண்டும். பேச்சை எனக்கு எழுதித் தந்தவர் ஒரு பெரியவர், நல்ல தமிழறிஞர். இரண்டு வாரம் குப்பி விளக்கில் பாடமாக்கினேன். அதில் பாதிச் சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் பயம். மேடையில் மூன்றாவது பந்தி வந்தபோது ஒரு சொல் தப்பியது. அந்தச் சொல்லில்தான் அடுத்த வசனம் தொங்கிக்கொண்டிருந்தது. நின்றேன். மணி அடிக்கும் வரை நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சபையும் பேசாமல் இருந்தது, அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

அதற்குப் பிறகு இருபது வருடம் நான் மேடையில் ஏறவில்லை. வகுப்பில் படிப்பிப்பேன், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எந்தத் தயக்கமும் இல்லை. பரிசளிப்பு விழாவில் நன்றியுரை என்றால் வேறு யாரையாவது பிடித்துக் கொடுத்துவிடுவேன். 2012இல் என்னைப் படிப்பித்த ஓர் ஆசிரியை காலமானார். செத்த வீட்டு முற்றத்தில் அஞ்சலி உரைகள் நடந்துகொண்டிருந்தன. திடீரென்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதி வைத்தது ஒன்றும் கையில் இல்லை. எழும்பிப்போய், அவர் எனக்கு ஒருமுறை தன்னுடைய குடையைத் தந்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு நடந்து போனதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், அடுத்த வீட்டு அக்காவுக்குச் சொல்வதுபோல. மூன்று நிமிடம் இருக்கும். முடித்தபோது முன்வரிசையில் இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பதின்மூன்று வயதில் எனக்கு ஒருவர் இதைச் சொல்லித் தந்திருந்தால் இருபது வருடம் மிச்சம்.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள காலத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று கேட்கிறார்கள். மூன்றாம் நாலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப்பாருங்கள், எதையும் சொல்லும், எங்கேயும் சொல்லும். ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. அந்த ஒரு வருடம் வாய் மூடிப் பேப்பர் செய்கிற வருடம். ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடம், புது ஆசிரியர்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொருவர். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை. அதில் ஒரு பிள்ளை தானாக வாய் திறந்து சொல்லும் முழு வசனங்களை எண்ணிப்பார்த்தால் சில நாட்களில் ஒன்றுகூட இருக்காது. "ஓம் ரீச்சர்", "இல்லை ரீச்சர்", "விளங்குது ரீச்சர்". பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மற்றவர்கள் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பும் சேர்ந்துவிடும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிற காலம் அது. ஒரு வசனத்தின் நடுவில் கீச்சிட்டுவிட்டால் வகுப்பே சிரிக்கும். அந்தப் பெடியன் பிறகு வாய் திறக்கமாட்டான். இந்த வயதில் அடைத்த வாயைப் பத்தாம் வகுப்பில் திறப்பது கடினம். உயர்தரத்தில் இன்னும் கடினம்.

எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைய பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் கதையாமல் இருக்கப் பழக்கப்பட்ட தலைமுறை. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. கோயில் மண்டபத்துக்குள் சனத்தோடு சனமாக இருந்தோம். அம்மாவின் கை என் வாயில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த இருபத்திரண்டு வருடத்திலும் வீட்டில் அடிக்கடி கேட்ட வசனம் "வாயைக் குடுக்காதை" என்பது. அந்த வசனம் உயிர்களைக் காப்பாற்றியது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கும் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எப்படிப் பழக்குகிறேன் என்று சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்ட முறை கோயிலில் இருந்து வந்தது. எங்கள் ஊர்களில் புராணபடனம் என்று ஒன்று இருக்கிறது. கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அந்தச் செய்யுளுக்குப் பயன் சொல்வார். பயன் சொல்பவர் செய்யுளைத் திருப்பிச் சொல்லக்கூடாது. தூணோடு சாய்ந்திருக்கும் கிழவிக்கும் விளங்கும்படி அந்த இடத்திலேயே அவிழ்த்துச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்னார். அந்தக் கலாசாரத்துக்குள் இவ்வளவு நல்ல பேச்சுப் பயிற்சி ஒன்று இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

நாங்கள் செய்வது இப்படி: ஒரு பிள்ளை உதயன் பேப்பரில் ஒரு பந்தி வாசிக்கும். மற்றப் பிள்ளை பயன் சொல்லும். விதி ஒன்றே ஒன்று. வீட்டில் பாவிக்காத சொல்லை இங்கேயும் பாவிக்கக்கூடாது. ஒருநாள் வானிலை அறிக்கை வந்தது. மாகாணங்கள், மில்லிமீற்றர், தாழமுக்கம், சாத்தியம் என்று நீளமான ஒரு பந்தி. ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருவன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நாளைக்கு மழை வரும்போலை கிடக்கு. மிளகாய் காயப்போட்டிருந்தா எடுத்து வையுங்கோ." பந்தியில் மிளகாய் இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு இந்தச் செய்தி எதற்குத் தேவை என்பதை அவன் பிடித்துவிட்டான். பயன் என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்.

ஆறுமுக நாவலர் செய்ததும் இந்த வழியில் ஒரு பெரிய பாய்ச்சல் என்றுதான் எனக்குப் படுகிறது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தன் முதல் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு வயது 25. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர், பாதிரிமார் சனத்துக்கு முன்னால் நின்று நேராகச் சொல்லும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். அதைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார். இரண்டு வருடம் கழித்து 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தைக் கொடுத்தது. இன்று பேச்சுப் போட்டிகளில் நாவலரைப் பற்றி எங்கள் பிள்ளைகள் பாடமாக்கிப் பேசுகிறார்கள். ஆனால் அவர் செய்ததைச் செய்ய அவர்களுக்கு நாங்கள் இடம் கொடுப்பதில்லை.

முதல் இரண்டு மாதமும் என் வகுப்பில் ஒருவரும் எழும்பி நிற்பதில்லை. பாயில் வட்டமாக இருப்போம். வீட்டில் இருந்து இங்கே வரும் வழியில் கண்ட ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். "ஒண்டும் காணேல்லை ரீச்சர்" என்று முதல் வாரம் பாதிப்பேர் சொல்வார்கள். நான் வற்புறுத்துவதில்லை. நெல்லியடிச் சந்தியில் பஸ் நின்றதா, யார் இறங்கினார்கள், கையில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டு போனால் தானாக வரும். மூன்றாம் வாரம் பார்த்துக்கொண்டு வரத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பிள்ளைக்குச் சொல்ல ஒன்று இருந்தால் பயம் பாதி போய்விடும். வெறுங்கையோடு மேடைக்கு அனுப்புவதால்தான் அது நடுங்குகிறது.

மூன்றாவது மாதம் எழும்பி நிற்பார்கள், கையில் ஒரு பொருளோடு. வீட்டில் இருந்து ஒன்றைக் கொண்டுவந்து அதைக் காட்டிக்கொண்டு கதைக்கவேண்டும். கையை எங்கே வைப்பது என்ற கவலை அதோடு போய்விடும். பனங்கொட்டை வந்திருக்கிறது, சைக்கிள் பெல் வந்திருக்கிறது, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன், வகுப்பில் ஆகக் கதை குறைந்தவன், ஒரு பிடி வெங்காயத்தோடு வந்தான். தகப்பனுக்குத் தோட்டம்.

"இது விதைவெங்காயம். இதை உடனை நடேலாது. முதல் தறையைக் கொத்தவேணும். பேந்து பாத்தி கட்டவேணும். பாத்தி கோணலா இருந்தா அப்பா பேசுவார், ஏனெண்டா தண்ணி ஒரு பக்கம் நிக்கும், மற்றப் பக்கம் காயும்..."

நாலு நிமிடம் சொன்னான். இடையில் ஒரு தடங்கல் இல்லை. எது முதல், எது பிறகு, ஏன் என்பதெல்லாம் தன் இடத்தில் வந்து நின்றது. கட்டுரைப் பாடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வருடக்கணக்காக நான் கத்தியும் வராத ஒழுங்கு, வெங்காயம் என்றதும் வந்துவிட்டது. தோட்டத்தில் அவன் அதைச் செய்கிறவன்.

அவனுக்கு ஒரு குறை இருந்தது, வேகம். மூச்சு விடாமல் ஓடுவான். "தம்பி, நீ தண்ணி மாறுறனி என்ன?" என்று கேட்டேன். "ஓம் ரீச்சர், அப்பா இறைக்க நான்தான் மாறுறனான்." "ஒரு பாத்தி நிரம்ப முந்தி மற்றதுக்குத் திருப்புவியோ?" சிரித்தான். "அப்ப ஒரு வசனம் சொல்லிப்போட்டு, அது இவையளுக்குள்ளை நிரம்புமட்டும் நில். பேந்து மற்றதுக்குத் திருப்பு." அதற்குப் பிறகு நிறுத்தத்தைப் பற்றி அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது மற்றப் பிள்ளைகளும் ஒருவர் வேகமாக ஓடினால், "பாத்தி நிரம்பேல்லையடா" என்கிறார்கள்.

பூனைக்குட்டிப் பிள்ளையிடம் திரும்பி வருகிறேன். அன்றைக்கு அவளை இருத்திவிட்டு, விறாந்தையில் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அடுத்த வாரம் நின்றுகொண்டு சொன்னாள். அதற்கடுத்த வாரம் அதையே மேடைத் தமிழில் சொல்லச் சொன்னேன். கதைக்கிற தமிழிலேயே பிள்ளைகளை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சபைக்கு ஒரு தமிழ் உண்டு, அது அழகான தமிழ், அதை ஆளவேண்டும். ஆனால் கதைத் தமிழில் தன்னால் சொல்ல முடிந்ததைத்தான் ஒரு பிள்ளையால் மேடைத் தமிழுக்கு ஏற்ற முடியும். "குட்டி கடகத்துக்குள் ஏறியது, பின்னர் குதித்தது" என்றாள். "ஏறுது, குதிக்குது எண்டு ரெண்டு தரம் சொன்னனியெல்லோ, அது எங்கை?" என்று கேட்டேன். "மேடையிலை அப்பிடிச் சொல்லலாமே ரீச்சர்?" என்றாள். சொல்லலாம். "ஏறியது, மீண்டும் குதித்தது. ஏறியது, மீண்டும் குதித்தது." விகுதிதான் மாறவேண்டும், குட்டி அதே குட்டியாக இருக்கவேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் பெரியவர்களின் உதவி பிள்ளைக்குத் தேவை. நாங்களோ தொடக்கத்திலேயே முழுப் பேச்சையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம். இப்போது எழுதிக்கொடுக்க ஆளும் தேவையில்லை, கைபேசியில் கேட்டால் ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது.

போட்டிகளுக்கு நான் எதிரியில்லை. தமிழ்மொழித் தினப் போட்டி பாடசாலையில் தொடங்கி, கரவெட்டிக் கோட்டம், வடமராட்சி வலயம், மாகாணம் கடந்து அகில இலங்கை வரை போகிறது. வெளியூர் மேடையை முதல்முதல் காண்கிற வாய்ப்புப் பல பிள்ளைகளுக்கு அதில்தான் கிடைக்கிறது. கம்பன் கழகம் 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நாளில் இருந்து எத்தனையோ இளம் பேச்சாளர்களை உருவாக்கியிருக்கிறது. என் கவலை நாங்கள் தயார் செய்யும் விதத்தைப் பற்றியது. ஒரு போட்டியில் நடுவராக இருந்தபோது அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் ஒரே பேச்சைப் பேசக் கேட்டேன். உதாரணங்கள்கூட ஒன்று. கை உயர்த்தும் இடமும் ஒன்று. மூன்று பேரும் நல்ல குரல் உள்ள பிள்ளைகள். அவர்களுக்கு என்ன தெரியும், என்ன பிடிக்கும் என்று அந்தப் பதினைந்து நிமிடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை. திருக்குறள் மனனப் போட்டிக்கு அவையறிதல், அவையஞ்சாமை என்ற அதிகாரங்களைப் பாடமாக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவையை அறியவும் அஞ்சாமல் இருக்கவும் அவர்களுக்கு ஓர் அவை வேண்டாமா?

பேச்சுப் பழக்குவதில் பாதி வேலை கேட்கப் பழக்குவது. இதை நான் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாழ்க்கையில் இருந்து எடுத்துக்கொண்டேன். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932இல் கரவெட்டியில் பிறந்து விக்னேசுவராக் கல்லூரியில் படித்தவர். பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போக முன்னர் பாராளுமன்றத்தில் சமகால மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதைக் கேட்டு, அதே நேரத்தில் மற்ற மொழியில் சொல்லும் வேலை. கேட்பதில் ஒரு கணம் பிசகினால் சொல்வது பிசகும். இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' நாடகத்தில் நடித்தவரும் அவர்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் வானொலியில் கம்பீரமாக ஒலித்த நாடகம் அது. மு. சிவசிதம்பரம் கரவெட்டிக்காரர், 1960 முதல் 1970 வரை உடுப்பிட்டித் தொகுதியின் பிரதிநிதி. மேடையில் அவருடைய குரலைக் கேட்டவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 1968இல் அவர் பிரதிச் சபாநாயகர் ஆனார். மற்றவர்கள் சொல்வதை இருந்து கேட்டு முறைப்படுத்தும் ஆசனம் அது.

சிவத்தம்பி தன் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தது இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில். அதே பல்கலைக்கழகத்தில்தான் 1965இல் அன்ட்ரூ வில்கின்சன் என்ற கல்வியாளர் 'ஒறசி' என்று ஒரு புதுச் சொல்லை ஆக்கினார். எழுதவும் வாசிக்கவும் தெரிவதற்கு எழுத்தறிவு என்று பெயர் இருக்கிறது, வாயால் சொல்லவும் காதால் கேட்கவும் தெரிவதற்குப் பெயரே இல்லையே என்பது அவருடைய கேள்வி. பெயர் இல்லாததால்தான் பள்ளிக்கூடங்கள் அதைக் கவனிப்பதில்லை என்று அவர் நினைத்தார். கேட்பதையும் சொல்வதையும் அவர் ஒரே சொல்லுக்குள் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவர் கதைத்து முடிந்ததும் கைதட்டுவதில்லை. கேட்டவர்களில் ஒருவர் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். தான் சொன்னது மற்றவருக்குள் போயிருக்கிறது என்று காணும்போது ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் வெளிச்சம் கைதட்டலுக்கு வராது.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யூரியூப்பில் தமிழ்நாட்டுப் பட்டிமன்றங்களைப் பார்த்துப் பிள்ளைகள் அந்தச் சாயலைப் பிடிக்கிறார்கள். அவர்கள் நல்ல பேச்சாளர்கள், பார்க்கட்டும். ஆனால் காற்று, நேற்று, வெற்றி என்ற சொற்களில் றகரத்தை நாவின் நுனி பல்லின் மேல்முரசில் பட வல்லினமாகச் சொல்லும் பழைய வழக்கு ஈழத்து வாயில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது போய்விட்டது. அதை ஊர்ப்புறப் பேச்சு என்று நினைத்து எங்கள் பிள்ளைகள் கைவிடுவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ழகரத்தில் எங்களுக்குக் குறை உண்டு, அதைத் திருத்திக்கொள்வோம். உள்ளதை ஏன் விடவேண்டும்?

யாரை மேடைக்குக் கூப்பிடுகிறோம் என்பதும் கேள்வி. வதிரியில் சைவப்பெரியார் கா. சூரன் தேவரையாளிப் பள்ளிக்கூடத்தைத் தொடங்க வேண்டியிருந்ததே, பிள்ளைகளைப் பிறப்பைப் பார்த்துப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்திய ஊர்கள் இவை என்பதால்தான். இன்று வாசல் திறந்திருக்கிறது. ஆனால் பரிசளிப்பு விழா, வாணி விழா, ஆசிரியர் தினம் எல்லாவற்றுக்கும் அதே மூன்று பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோம், வடிவாகப் பேசுவார்கள் என்று. அந்த மூன்று பேர் யாருடைய பிள்ளைகள் என்று ஒருமுறை பாருங்கள். என் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளை ஒன்று இருக்கிறது. அவளுக்காக நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு, அவள் தேடும் சொல்லை மற்றவர் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்பது. எவ்வளவு நேரம் எடுத்தாலும் காத்திருப்போம். முதல் நாள் தன் பெயரையும் ஊரையும் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. போன கிழமை தங்கள் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஆறு நிமிடம் கதைத்தாள், திக்கித் திக்கித்தான். ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

தாய்மார் வந்து கேட்பார்கள், "ரீச்சர், இவளுக்கு எப்ப பரிசு கிடைக்கும்?" என்று. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஒன்று மட்டும் அவர்களிடம் கேட்பேன். இரவுச் சாப்பாட்டின்போது ரிவியை நிற்பாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள். "அது சரி, நீ கணக்கிலை எத்தினை?" என்று கேட்காதீர்கள். முடியும் வரை கேளுங்கள். ஒரு தாய் இதைச் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து, "இவன் இவ்வளவு கதைப்பான் எண்டு எனக்குத் தெரியாது ரீச்சர்" என்றார். மகனுக்குப் பதின்மூன்று வயது.

இப்போது எங்களுக்கு ஒலிவாங்கி இருக்கிறது, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் வாங்கித் தந்தது. வாயில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவும், அதற்குள் கத்தாமல் கதைக்கவும் பழகியிருக்கிறார்கள். கதிரைகள் இருக்கின்றன. பதினாறு பிள்ளைகளுக்கும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது. குறைவாக இருப்பது கேட்கிற ஆட்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள், புது முகங்கள் வேண்டும். நீங்கள் கரவெட்டியிலோ நெல்லியடியிலோ துன்னாலையிலோ இருந்தால், அல்லது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தால், சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வாசிகசாலைக்கு வாருங்கள். உரை ஒன்றும் ஆற்றவேண்டாம், புத்திமதி சொல்லவேண்டாம். ஒரு மணித்தியாலம் இருந்து கேளுங்கோ.